ரோட்டில் எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது, ஓட்டுபவர் என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு நான்கு வழிச்சாலையில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன கார் 110-க்குக் குறையாமல் போயிருக்கும், சாலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்ததும் அதை ஓட்டியவர் சட்டென்று பிரேக்கை அழுத்தி 60-க்கு இறங்கிவிட்டார். நானும் பிடித்தேன், இடிக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சிமென்ட் ஏற்றிய லாரி. அந்த லாரிக்காரர் சுதாரித்து இடதுபக்க மண்ணில் இறக்கியதால்தான் நாங்கள் பிழைத்தோம். கேமராவுக்கு முன்னால் முப்பது மீட்டர் மட்டும் ஒழுங்காக ஓட்டிக் காட்ட ஒருவர் நினைத்ததில் நாலு உயிர் போயிருக்கும்.

அதனால் கேமராவிடமிருந்து தப்பிக்கும் வழியை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எந்தக் கேமரா எதை எப்படிப் பார்க்கிறது, அதன் முன்னால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, ஃபைன் கட்டச் சொல்லும் சலான் ஒன்று தப்பாக வந்தால் எங்கே போய் நிற்பது, இவ்வளவுதான். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே எழுதுகிறேன், பக்கத்து மாநிலங்களுக்கு ஓட்டிப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

வண்டியை எடுப்பதற்கு முன்னால்

முதல் வேலை செல் நம்பர். உங்கள் ஆர்.சி.யோடு எந்த நம்பர் இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் சலான் குறுஞ்செய்தி வரும். பத்து வருடத்துக்கு முன் வண்டி வாங்கும்போது ஷோரூம்காரரே ஏதோ ஒரு நம்பரைப் போட்டிருப்பார், அல்லது அந்த சிம்மை நீங்கள் எப்போதோ விட்டிருப்பீர்கள். சலான் மேல் சலான் விழுந்துகொண்டிருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, வண்டியை விற்கவோ எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) காட்டவோ போகும்போதுதான் மொத்தமாக வந்து நிற்கும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகனச் சேவைகள் பகுதிக்குள் போய் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், முடியாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் நம்பரையும் அப்படியே சரிபாருங்கள், அது தனி, இது தனி.

இரண்டாவது நம்பர் பிளேட். இது வெறும் அலங்கார விஷயம் இல்லை. நம்பர் படிக்கும் கேமராக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும், பிளேட்டில் இருக்கும் பிரதிபலிப்புத் தாள் அதைத் திருப்பி அனுப்பும், அந்த வெளிச்சத்தில் தெரியும் எழுத்துகளை மென்பொருள் படிக்கும். எழுத்து தேய்ந்திருந்தாலோ, நடுவில் ஸ்க்ரூ அடித்திருந்தாலோ 3 என்பது 8 ஆகும், சேறு ஒட்டினால் 1 காணாமல் போகும். அப்போது உங்கள் தப்புக்கு ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு சலான் போகும், அவர் தப்பு உங்கள் தலையில் விழும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வண்டி தர வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வளைந்த எழுத்தில் தலைவர் படத்தோடு பிளேட் மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வண்டி திருடுபோனால் இதே கேமராக்கள்தான் தேடித் தரும், அந்த வாய்ப்பையும் சேர்த்துக் கழற்றிப் போடுகிறார்கள். மழைக்காலத்தில் ஒரு கை தண்ணீர் விட்டு பிளேட்டைத் துடையுங்கள். பைக்கின் பின்னால் மூட்டை கட்டினால் பிளேட்டை மறைக்காமல் கட்டுங்கள்.

நிலையான வேகக் கேமரா

கம்பத்திலோ சாலைக்குக் குறுக்கே போட்ட இரும்பு வளைவிலோ மாட்டியிருக்கும். பெரும்பாலானவை ரேடார் வகை. கருவி அலையை அனுப்புகிறது, ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும், அந்த மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது, கூடவே ஒரு படம். வேகக் கேமராவுக்கு வழி போட்டவர் மௌஸ் காட்சோனிடெஸ் என்ற டச்சு கார் பந்தயக்காரர். வளைவுகளில் தன் வேகம் எவ்வளவு என்று அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் செய்த கருவிதான் பிற்பாடு உலகம் முழுக்க போலீஸ் கைக்குப் போனது.

சரி, வேக வரம்பு எவ்வளவு? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மத்திய அரசு 2018 ஏப்ரலில் போட்ட உச்ச வரம்பு, காருக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் 100, நகராட்சி எல்லைச் சாலைகளில் 70. பைக்குக்கு நான்கு வழிச்சாலையில் 80, நகரத்தில் 60. ஆனால் இது மேல்வரம்பு மட்டும்தான், மாநிலமோ உள்ளூர் காவல்துறையோ குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். சென்னையில் 2023 நவம்பரில் அறிவித்த வரம்புப்படி கார் போன்ற இலகு வாகனத்துக்கு 60, பைக்குக்கு 50, கனரக வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30. ஆக பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

கேமராவைப் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள், தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். வரம்பை மீறிய வேகத்தில் ஏற்கெனவே கேமராவுக்குக் கீழே வந்துவிட்டீர்கள் என்றால் படம் எடுத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு பிரேக் பிடித்து ஒரு பயனும் இல்லை, பின்னால் வருகிறவருக்குத்தான் ஆபத்து. இலகு வாகனத்துக்கு வேகக் குற்றத்தின் ஃபைன் 1,000 ரூபாயில் தொடங்குகிறது. கார் பம்பரை மாற்ற அதைவிட அதிகம் ஆகும், உயிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, டயரை ஷோரூமில் வந்த அளவைவிடப் பெரிதாக மாற்றியிருந்தால் உங்கள் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாம். செல்போன் வரைபடம் காட்டும் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சராசரி வேகக் கேமரா

இதற்கு முன்னால் பிரேக் வித்தை பலிக்காது. ஒரு கேமரா நீங்கள் நுழையும் நேரத்தைக் குறிக்கும், பல கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று வெளியேறும் நேரத்தைக் குறிக்கும், தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 10 கிலோமீட்டரை 100-இல் கடக்க 6 நிமிடம் ஆகும். நீங்கள் 5 நிமிடத்தில் வந்து நின்றால் சராசரி 120, வாதாட இடமே இல்லை. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2024-இல் அமலுக்கு வந்த ஏற்பாட்டில் இந்த முறையும் இருக்கிறது. அங்கே கார்களுக்குச் சமவெளியில் 100, மலைப்பகுதியில் 60. நம் ஊர் லோடு வண்டி ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் நிறையப் போகிறார்கள், மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டும் பழக்கம் அங்கே ஃபைனையும் தரும், பிரேக்கையும் தீய்க்கும்.

எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே நியாயமான கேமரா இதுதான். ஒரு நொடி கவனம் தவறியவரை இது பிடிப்பதில்லை, விடாமல் வேகமாக ஓட்டியவரைத்தான் பிடிக்கிறது.

ஸ்பீட் கன்னும் ரோந்து வண்டியும்

மரத்தடியிலோ மேம்பால இறக்கத்திலோ போலீஸ்காரர் முக்காலியில் வைத்துக் குறிபார்ப்பது பெரும்பாலும் லேசர் கருவி. பல நூறு மீட்டர் தள்ளியே உங்கள் வண்டியை மட்டும் தனியாக அளந்துவிடும், ஆக நீங்கள் அவரைப் பார்ப்பதற்குள் அவர் உங்களைப் பார்த்திருப்பார். நிறுத்தச் சொன்னால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமாக முழுதாக ஒதுங்கி நிறுத்துங்கள். அளவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுகிறார்கள். எதிரே வருகிறவர்களுக்கு ஹெட்லைட்டை மினுக்கி எச்சரிப்பது ஏதோ தர்மம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் காப்பாற்றி அனுப்பியவர் அடுத்த ஊர் பள்ளிக்கூட வாசலை எந்த வேகத்தில் கடப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் அதை நிறுத்திவிட்டேன்.

சிக்னல் கேமரா

நகரத்தில் அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். சென்னை அண்ணா நகரில் 2019-இல் சில சந்திப்புகளில் வைத்த பிறகுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. சிக்னல் விளக்கோடு கேமரா இணைந்திருக்கும். சிவப்பு விழுந்ததும் ஸ்டாப் லைன் மேல் ஒரு கற்பனைக் கோடு உயிர்பெறும், சாலைக்குள் கம்பிச் சுருள் பதித்தும் செய்வார்கள், அதற்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டும் வண்டி பதிவாகும். பொதுவாகக் கோட்டுக்கு முன்னால் ஒரு படம், தாண்டிய பின் ஒரு படம், இரண்டிலும் சிவப்பு விளக்கு தெரியும். பச்சையிலோ மஞ்சளிலோ கோட்டைத் தாண்டி, நடுவில் இருக்கும்போது சிவப்பு விழுந்தால் அது மீறல் இல்லை, பயப்பட வேண்டாம்.

மஞ்சள்தான் பெரிய சிக்கல். 50-இல் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகரும். மஞ்சளைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஒரு 20 மீட்டர், ஆக மொத்தம் 35 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், மழையென்றால் இன்னும் கூடும். கோடு அதைவிடத் தள்ளி இருந்தால் நில்லுங்கள். அதைவிடக் கிட்டே வந்துவிட்டால் சீராகக் கடந்து போங்கள், நடு வழியில் முடிவை மாற்றாதீர்கள். பழகிய சந்திப்பாக இருந்தால் ஏதாவது ஒரு கடையையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டிய பின் மஞ்சள் வந்தால் போவது, தாண்டும் முன் வந்தால் நிற்பது. நான் வீட்டுப் பக்கத்துச் சந்திப்பில் ஒரு மின்கம்பத்தை அப்படி வைத்திருக்கிறேன். பச்சை ரொம்ப நேரமாக எரிந்துகொண்டிருந்தால் அது மாறப் போகிறது என்று அர்த்தம், தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்டாப் லைனைத் தாண்டி ஜீப்ரா கிராசிங் மேல் நிற்பதும் தனியாகப் பதிவாகும். தெரியாமல் தாண்டி நின்றுவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள், உங்களுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் பைக் தெரியாது. போனது போச்சு என்று சிவப்பில் முழுதாகக் கடந்தும் போகாதீர்கள், சின்ன மீறல் பெரிய மீறலாகும். அங்கேயே நில்லுங்கள், நடந்து போகிறவர்களுக்கு வழி விடுங்கள்.

ஃப்ரீ லெஃப்ட் எல்லா இடத்திலும் இல்லை. பலகையோ பச்சை அம்புக்குறியோ இருந்தால்தான் சிவப்பில் இடது திரும்பலாம், அப்போதும் நடப்பவருக்கே முன்னுரிமை.

போலீஸ்காரர் நடுவில் நின்று கை காட்டினால் விளக்கைவிட அவர் கைதான் பெரிது. அவர் போகச் சொல்லி சிவப்பில் போனீர்கள், கேமராவும் பதிந்து சலான் வந்தது என்றால் அதை எதிர்க்கலாம், அந்தப் படத்திலேயே அவர் நிற்பது தெரியும். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இடது ஓரமாக ஒதுங்கி நடுவில் வழி விடுங்கள். ஒதுங்கவே இடமில்லாமல் கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் நகர வேண்டியிருந்தால், குறுக்கே வரும் வண்டிகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து ஓரமாக நில்லுங்கள், சந்திப்பைக் கடந்து ஓடாதீர்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டால் சலான் வந்தாலும் விளக்கம் தரலாம். ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்குத்தான் 10,000 ரூபாய் ஃபைன், சட்டத்தின் மனது அங்கே எந்தப் பக்கம் என்று அந்தத் தொகையே சொல்லிவிடும்.

ஹெல்மெட், பெல்ட், போன் பார்க்கும் கேமரா

ஏ.ஐ. கேமரா என்று சொல்வது இதைத்தான். வண்டியைப் படம் எடுத்து, தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் தெரிகிறதா, காதோரம் கை இருக்கிறதா, பைக்கில் எத்தனை தலை என்று மென்பொருள் பிரித்துப் பார்க்கும். கேரளத்தில் 2023 ஜூன் 5-இல் இருந்து இப்படி ஃபைன் போடுகிறார்கள், மொத்தம் வைத்த 726 கேமராக்களில் 675 இந்த வகைதான். சபரிமலைக்கும் குருவாயூருக்கும் போகிற நம் ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு சலானைப் பார்த்துத் திகைக்கிறார்கள். எந்த மாநிலப் பதிவு என்பதெல்லாம் கேமராவுக்குத் தடை இல்லை.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய தொகைப்படி ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, பெல்ட் இல்லையென்றால் 1,000, ஓட்டும்போது போன் பேசினால் முதல் முறை 1,000, மறுபடியும் மாட்டினால் 10,000. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுவதும் தப்புதான். வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த 2020-இல் விதி திருத்தப்பட்டது, கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹோல்டரில் மாட்டி, கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டுவிடுங்கள், ஓடும்போது தொடாதீர்கள். கறுப்புச் சட்டை போட்டு கறுப்பு பெல்ட் அணிந்தால் பெல்ட் கேமராவுக்குத் தெரியாமல் போய் சலான் வரலாம். அப்படி வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

இதில் எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம், டியூஷனுக்குப் பைக்கில் போகும் பையன்கள். கேமரா வண்டியைத்தான் படிக்கிறது, சலான் அப்பா பேருக்கு வரும். ஆனால் ஓட்டியது 18 வயதாகாத பிள்ளை என்று தெரிந்தால் விஷயம் ஆயிரம் ரூபாயோடு நிற்காது. பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் ஃபைனும் 3 வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது, வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை ஒளித்து வையுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

போலீஸ்காரர் சட்டையில் மாட்டும் கேமராவும் ரோந்து வண்டியின் முகப்புக் கேமராவும் சட்டப்படி சாட்சிதான், அங்கே பேச்சும் பதிவாகும், அவ்வளவே.

சலான் வந்துவிட்டது, இனி என்ன

முதலில் அது நிஜமா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்று ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள், அதை நிறுவினால் போனுக்குள் வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்குப் போகும், வங்கிக் கணக்கு காலியாகும். எந்த அரசுத் துறையும் சலானை செயலிக் கோப்பாக அனுப்பாது. குறுஞ்செய்தியில் இருக்கும் இணைப்பையும் அழுத்தாமல், நீங்களே பரிவாகன் இ-சலான் தளத்தைத் திறந்து, முகவரி 'ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.' என்று முடிகிறதா என்று பார்த்து, வண்டி எண்ணும் சேஸி எண்ணின் கடைசி இலக்கங்களும் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நிஜம் என்றால் படத்தைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். நம்பர் உங்களுடையதா, வண்டி மாடலும் நிறமும் உங்களுடையதா, தேதி, நேரம், இடம் சரியா. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி இதற்கெல்லாம் ஒரு வரையறை போட்டிருக்கிறது. கேமரா வைத்த இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், படமும் கருவி காட்டிய அளவும் எந்தச் சட்டப் பிரிவு என்பதும் சலானில் இருக்க வேண்டும். இதில் ஏதாவது விடுபட்டிருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தப்பு உங்களுடையது என்றால் கட்டிவிடுங்கள், ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை, ரசீதை சேமித்து வையுங்கள். சலானில் போட்டிருக்கும் கெடு தாண்டினால் அது நீதிமன்றத்துக்குப் போகும், பல இடங்களில் ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றம். கட்டாமல் விட்டால் பேர் மாற்றம், எஃப்.சி. எல்லாம் சிக்கும். சிக்னல் தாண்டுதல், அதிவேகம், போன் பேசுதல் போன்றவற்றுக்கு லைசென்ஸை மூன்று மாதமாவது நிறுத்திவைக்கச் சொல்லி 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியிருக்கிறது, ஆகையால் ஃபைனோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

தப்பு உங்களுடையது இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கே இரண்டு வருடத்துக்கு முன் நான் போயே இராத ஊரிலிருந்து ஹெல்மெட் சலான் வந்தது. படத்தில் இருந்தது வேறு கம்பெனி பைக், ஒரு இலக்கம் தப்பாகப் படிக்கப்பட்டிருந்தது. இ-சலான் தளத்தில் புகார் பகுதியில் சலான் எண், ஆர்.சி. நகல், என் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படம் மூன்றையும் ஏற்றினேன், சலானில் குறிப்பிட்டிருந்த காவல் பிரிவுக்கும் மின்னஞ்சல் போட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை, மறுபடியும் எழுதினேன், அப்புறம் ரத்து செய்தார்கள். படத்தில் இருப்பது உங்கள் மாடல், உங்கள் நிறம், உங்கள் நம்பர், ஆனால் உங்கள் வண்டி வீட்டில் நின்றது என்றால் யாரோ போலிப் பிளேட் மாட்டி ஓட்டுகிறார்கள். அதைப் புகார் பகுதியோடு விடாதீர்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த வண்டியை வைத்து நாளைக்கு எதுவும் நடக்கலாம்.

வண்டியை நண்பரோ டிரைவரோ ஓட்டியிருந்தால் யார் ஓட்டியது என்று காவல்துறை கேட்கும்போது சொல்ல வேண்டியது சொந்தக்காரரின் கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வண்டியை விற்றவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், பேர் மாறும் வரை ஒவ்வொரு கேமராவும் உங்கள் பேரைத்தான் எழுதும். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, வாங்கியவரின் அடையாள அட்டை நகலையும் வண்டியைக் கொடுத்த தேதி, நேரம் எழுதிய ரசீதையும் கையில் வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, பேர் மாறிவிட்டதா என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.